மெக்னீசியம் சல்பேட் என்னும் எப்சம் உப்பு: பண்புகளும் தயாரிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளி ஆய்வகத்தின் அலமாரியிலும், உரக்கடை மூட்டையிலும், அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டிலும் ஒரே உப்பு வெவ்வேறு தோற்றத்தில் இருக்கிறது. அதைப் பற்றி மாணவர்களும் விவசாயிகளும் வீட்டில் பயன்படுத்துவோரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. இந்த உப்பைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை படிக நீரைக் கணக்கில் எடுக்காததால் வருபவை. எத்தனை நீர் மூலக்கூறுகளைக் கொண்ட உப்பு என்று சொல்லாமல் இதன் எடையையோ கரைதிறனையோ அளவையோ சொல்வதில் பொருள் இல்லை. ஆகவே படிக நீர் பற்றிய பேச்சு பல விடைகளில் திரும்பத் திரும்ப வரும்.

மெக்னீசியம் சல்பேட்டும் எப்சம் உப்பும் ஒன்றுதானா?

எப்சம் உப்பு என்பது மெக்னீசியம் சல்பேட்டின் ஒரு வடிவம். ஒரு மெக்னீசியம் அயனிக்கும் ஒரு சல்பேட் அயனிக்கும் ஏழு நீர் மூலக்கூறுகள் சேர்ந்த படிகத்தையே எப்சம் உப்பு என்கிறோம். வேதியியலில் இதன் பெயர் மெக்னீசியம் சல்பேட் ஹெப்டாஹைட்ரேட். நீர் ஏதும் இல்லாத வெண்பொடியும் மெக்னீசியம் சல்பேட்தான். ஒரே ஒரு நீர் மூலக்கூறு கொண்ட கீசெரைட் என்ற கனிமமும் மெக்னீசியம் சல்பேட்தான். இவை தண்ணீரில் முழுதாகக் கரைந்த பின் ஒன்றுக்கொன்று எந்த வேறுபாடும் இல்லை. தராசில் வைக்கும்போதுதான் வேறுபாடு தெரியும்.

நீரற்ற உப்பின் மோலார் நிறை, அதாவது ஒரு மோல் என்னும் குறித்த எண்ணிக்கையளவு பொருளின் எடை, ஏறத்தாழ 120.4 கிராம், ஒரு நீர் கொண்டதற்கு 138.4 கிராம், எப்சம் உப்புக்கு 246.5 கிராம். அதாவது எப்சம் உப்பின் எடையில் பாதிக்குச் சற்று மேல், 51 சதவீதத்துக்கும் கூடுதலாக, வெறும் தண்ணீர். மெக்னீசியம் மட்டும் என்று பார்த்தால் அது 9.9 சதவீதம், கந்தகம் 13 சதவீதம். 100 கிராம் எப்சம் உப்பில் உள்ள மெக்னீசியத்தைப் பெற 56 கிராம் கீசெரைட் அல்லது 49 கிராம் நீரற்ற உப்பு போதும். உரமோ வேதிப்பொருளோ வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

எப்சம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் உள்ள எப்சம் என்ற ஊரின் பெயர் அது. 1618-ஆம் ஆண்டு வறட்சியின்போது ஹென்றி விக்கர் என்பவர் அங்கே ஒரு குழியில் தேங்கிய நீரைத் தன் மாடுகளுக்குக் காட்டியபோது அவை குடிக்க மறுத்தன என்றும், நீரின் கசப்பே அதற்குக் காரணம் என்றும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அந்த நீரைக் குடித்தால் வயிறு கழியும் என்பது தெரிந்த பின் அவ்வூர் ஆரோக்கிய நீருக்குப் பெயர் பெற்றது. 1695-இல் நெஹமையா க்ரூ அந்த நீரிலிருந்து கிடைக்கும் கசப்பு உப்பைப் பற்றி லத்தீனில் ஒரு சிறுநூல் எழுதினார். தாவரங்களின் உள்ளமைப்பை நுண்ணோக்கியில் ஆராய்ந்ததற்காக இன்றும் நினைக்கப்படுபவர் அவர். 1750-களில் ஜோசப் பிளாக் எப்சம் உப்பிலிருந்து வெண்மெக்னீசியா என்ற கார்பனேட்டைப் பிரித்து, அது சுண்ணாம்பிலிருந்து வேறுபட்ட பொருள் என்று நிறுவினார். மெக்னீசியம் தனி உலோகம் என்று 1808-இல் ஹம்ப்ரி டேவி காட்டுவதற்கு இந்த வேலையே அடித்தளம்.

ஏழு நீர் மூலக்கூறுகளும் ஒரே வலுவோடு பிணைந்துள்ளனவா?

இல்லை. ஆறு நீர் மூலக்கூறுகள் மெக்னீசியம் அயனியை எண்முக வடிவில் நேரடியாகச் சூழ்ந்து நிற்கின்றன. ஏழாவது மூலக்கூறு மெக்னீசியத்தைத் தொடுவதே இல்லை. அது ஹைட்ரஜன் பிணைப்புகளால் மட்டும் இடைவெளியில் பிடிக்கப்பட்டிருக்கிறது. வறண்ட காற்றில் முதலில் வெளியேறுவது இந்த ஏழாவது மூலக்கூறுதான். அது போனதும் கண்ணாடி போலத் தெளிந்திருந்த படிகத்தின் மேற்பரப்பு பால்வெள்ளையாக மங்கி, தொட்டால் பொடி உதிரும் நிலைக்கு வருகிறது. இந்த மாற்றத்தைப் பார்த்து உப்பு கெட்டுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அது அதே உப்பு. ஒரு நீர் குறைந்திருக்கிறது, அதனால் கிராமுக்குக் கிராம் சற்றே செறிவு கூடியிருக்கிறது.

குளிரில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. இனி உப்புக் கரையாத அளவுக்கு நிறைந்த, அதாவது தெவிட்டிய, கரைசலை ஏறத்தாழ 2 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்வித்தால் பதினொரு நீர் மூலக்கூறுகள் கொண்ட படிகம் உருவாகும். பன்னிரண்டு என்று நெடுங்காலம் எண்ணப்பட்டிருந்த அந்த எண்ணிக்கை பின்னர் திருத்தப்பட்டது. இயற்கையில் கிடைத்த அந்தக் கனிமத்துக்கு 2007-இல் மெரிடியானைட் என்று பெயரிட்டார்கள். செவ்வாய்க் கோளில் ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி 2004-இல் இறங்கிய மெரிடியானி சமவெளியின் பெயர் அது. அங்குள்ள பாறைகளில் சல்பேட் உப்புகள் மிகுதி.

இதன் பொதுவான பண்புகள் யாவை?

நிறமற்ற, மணமற்ற, கசப்பும் கரிப்பும் கலந்த சுவையுள்ள படிகம். படிக வடிவில் செஞ்சாய்சதுரத் தொகுதியை (மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, வெவ்வேறு நீளத்தில் அமைந்த வகை) சேர்ந்தது. அடர்த்தி எப்சம் உப்புக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.68 கிராம், நீரற்றதற்கு 2.66 கிராம். கரைசல் ஏறத்தாழ நடுநிலையானது. ஆல்கஹாலில் மிகக் குறைவாகவே கரையும். சுடர்ச் சோதனையில் எந்த நிறமும் தராது.

கரைதிறனுக்கு ஒரு புத்தகத்தில் 71 என்றும் மற்றொன்றில் 113 என்றும் இருக்கிறதே, எது சரி?

இந்தக் கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் இரண்டு எண்களும் ஒரே அளவீட்டிலிருந்து வந்தவை.

20 டிகிரி செல்சியசில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 35 கிராம் நீரற்ற மெக்னீசியம் சல்பேட் கரையும். இந்த 35 கிராமை எப்சம் உப்பாக மாற்றினால், எப்சம் உப்பின் எடையில் நீரற்ற உப்பின் பங்கான 0.488 ஆல் வகுக்க, ஏறத்தாழ 72 கிராம் வரும்; புத்தகத்தில் உள்ள 71 இதை ஒட்டியதே. சில அட்டவணைகள் இந்த எண்ணை அப்படியே 100 மி.லி. நீருக்கான கரைதிறனாகக் கொடுத்துவிடுகின்றன. ஆனால் அந்த 72 கிராம் எப்சம் உப்பு தன்னோடு 37 கிராம் நீரையும் கொண்டு வருகிறது. கரைசலில் மொத்தம் இருக்க வேண்டியது 100 கிராம் நீர்தான் என்பதால், நாம் வெளியிலிருந்து ஊற்ற வேண்டியது 63 கிராம் மட்டுமே. 63 கிராம் நீரில் 72 கிராம் உப்பு கரைகிறது என்றால் 100 கிராம் நீரில் எவ்வளவு என்று கணக்கிட்டால் 113-ஐ ஒட்டிய எண் கிடைக்கும். ஆய்வகத்தில் முகவையில் 100 மி.லி. நீரை எடுத்து எப்சம் உப்பைக் கொட்டிக் கலக்கும் மாணவர் காணப்போவது 113-க்கு அருகிலுள்ள அளவைத்தான்.

வெப்பநிலை உயர உயரக் கரைதிறனும் உயரும்: நீரற்ற உப்புக் கணக்கில் 0 டிகிரியில் 100 கிராம் நீருக்கு 27 கிராம் அளவிலும், 80 டிகிரிக்கு அருகில் 50 கிராமுக்கு மேலும் கரைகிறது. அதற்கு மேல் சூடாக்கினால் கரைதிறன் மெல்லக் குறையத் தொடங்குகிறது, ஏனெனில் அந்த வெப்பநிலையில் கரைசலோடு சமநிலையில் இருப்பது எப்சம் உப்பு அன்று, ஒற்றை நீர் கொண்ட கீசெரைட்.

எப்சம் உப்பைச் சூடாக்கினால் என்ன ஆகும்?

படிகத்தை வேகமாகச் சூடாக்கினால் அது உருகுவது போலத் தெரியும். உண்மையில் அது விடுவிக்கும் படிக நீரிலேயே அது கரைகிறது. கரைசலோடு தொட்டிருக்கும் நிலையில் 48 டிகிரி செல்சியசை ஒட்டி ஏழு நீர்ப் படிகம் ஆறு நீர்ப் படிகமாக மாறுகிறது. 70 டிகிரியை நெருங்கும்போது ஒற்றை நீர் வடிவம் நிலைபெறுகிறது. கடைசி நீர் மூலக்கூறு எளிதில் விடாது. அதை முழுதாக வெளியேற்ற 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் வைக்க வேண்டும். நீரற்ற உப்பு அதன்பின் வெப்பத்தை நன்றாகத் தாங்கும். 1,100 டிகிரியைத் தாண்டிய பிறகே மெக்னீசியம் ஆக்சைடாகவும் கந்தக ஆக்சைடு வாயுக்களாகவும் சிதைகிறது.

படிக நீரை அளந்தறிய இதைவிட எளிய சோதனை இல்லை. எடை தெரிந்த மூசையில் (வெப்பம் தாங்கும் சிறு கிண்ணத்தில்) 10 கிராம் எப்சம் உப்பை எடுத்து, முதலில் சிறு சுடரில், நீர் தெறிப்பது நின்ற பின் பெருஞ்சுடரில் சூடாக்கி, ஈரம் புகாத உலர்த்தியில் ஆறவைத்து எடையிட வேண்டும். எடை மாறாமல் நிற்கும்வரை மீண்டும் சூடாக்கி மீண்டும் எடையிட்டால் இறுதியில் 4.88 கிராம் மிஞ்ச வேண்டும். 5.6 கிராமில் நின்றுவிட்டால் ஒரு நீர் இன்னும் வெளியேறவில்லை என்று பொருள். தொடக்கத்திலேயே சுடரைக் கூட்டிவிட்டால் உப்பு வெளியே தெறித்து, எடை 4.88-க்கும் கீழே போய்விடும்.

மெக்னீசியம் குளோரைடை இப்படி உலர்த்த முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆறு நீர் கொண்ட மெக்னீசியம் குளோரைடைக் காற்றில் சூடாக்கினால் அதன் படிக நீரே அதைத் தாக்கி ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியேற்றும். மிஞ்சுவது ஆக்சிகுளோரைடும் ஆக்சைடும்தான். சல்பேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆய்வகத்தில் எப்சம் உப்பைத் தயாரிப்பது எப்படி?

அமிலமும் காரமும் வினைபுரிந்து உப்பும் நீரும் தரும் எளிய வினைதான் இது. மெக்னீசியம் ஆக்சைடும் நீர்த்த கந்தக அமிலமும் போதும். கீழே தரப்பட்டுள்ள அளவுகள் ஒரு மாணவர் ஒரு வகுப்பு நேரத்தில் கரைசல் வரை முடித்து, மறுநாள் படிகத்தை எடுக்கும்படி அமைந்தவை. கண்ணாடி அணிந்து, ஆசிரியர் மேற்பார்வையில் செய்ய வேண்டும். அடர் அமிலத்தை நீர்க்கச் செய்யும் வேலையை ஆசிரியரே முன்கூட்டி முடித்து வைப்பது நல்லது. எப்போதும் அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமே அன்றி நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது.

ஒரு மோலார் செறிவுள்ள கந்தக அமிலம் 100 மி.லி. எடுத்துக்கொண்டால் அதில் 0.1 மோல் அமிலம் இருக்கிறது. அதை முழுதும் நடுநிலையாக்கத் தேவைப்படும் மெக்னீசியம் ஆக்சைடு 4.03 கிராம், நாம் எடுக்க வேண்டியது 4.5 கிராம். இந்த மிகுதி வேண்டுமென்றே சேர்ப்பது. கரையாத ஆக்சைடு அடியில் தங்கினால் வடிகட்டி எடுத்துவிடலாம். ஆனால் மிஞ்சிய அமிலத்தை வடிகட்ட முடியாது. அமிலத்தை 250 மி.லி. முகவையில் 60 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, ஆக்சைடைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கலங்கல் தெளிந்த பிறகே அடுத்ததைச் சேர்க்க வேண்டும். கடைசியில் எவ்வளவு கலக்கினாலும் மங்கல் நீங்காத நிலை வரும். அப்போது நீல லிட்மஸ் தாள் நீலமாகவே இருந்தால் அமிலம் தீர்ந்தது.

சூடாக இருக்கும்போதே வடிகட்டி, தெளிந்த கரைசலை முன்னரே எடையிட்ட பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, நீர்த்தொட்டியின் மேல் ஆவியாக்க வேண்டும். எவ்வளவு ஆவியாக்குவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். கரைசலின் எடை 35 கிராம் அளவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். தராசு கைவசம் இல்லையென்றால் கண்ணாடிக் கோலின் நுனியில் ஒரு துளியை எடுத்துக் கடிகாரக் கண்ணாடியில் விட்டு ஊதிப் பார்க்கலாம். ஓரிரு நிமிடங்களில் துளியின் ஓரத்தில் ஊசிகள் முளைத்தால் அதுவே சரியான பதம்.

கிண்ணத்தை வடிதாளால் மூடி அசையாத இடத்தில் ஓர் இரவு வைத்தால், மறுநாள் நீண்ட பட்டகங்களாகப் படிகங்கள் அடியில் படிந்திருக்கும். வடிகட்டி, ஐஸ் நீர் சில மி.லி. மட்டும் விட்டுக் கழுவி, வடிதாள்களுக்கு இடையே ஒற்றி உலர்த்த வேண்டும். அடுப்பிலோ வெயிலிலோ உலர்த்தினால் படிக நீர் போய்விடும்.

கோட்பாட்டின்படி கிடைக்க வேண்டியது 24.6 கிராம். முதல் படிகமாக்கலில் 13 கிராமை ஒட்டிக் கிடைத்தால் அது குறைவன்று. 35 கிராம் கரைசலை 20 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது அவ்வளவுதான் படிய முடியும். மீதி, படிகம் பிரிந்த பின் மிஞ்சும் தாய்க்கரைசலில் இருக்கிறது. நம் ஊர் அறை வெப்பநிலை 30 டிகிரி என்றால் இன்னும் குறையும். தாய்க்கரைசலை மீண்டும் சுண்டவைத்து இரண்டாம் முறை படிகம் எடுக்கலாம். அதன் தூய்மை சற்றே குறைவாக இருக்கும்.

படிகம் வராமல் வெள்ளைப் பத்தாகவோ பிசுபிசுப்பாகவோ வந்தது. ஏன்?

வெள்ளைப் பத்து என்றால் அளவுக்கு மீறி, அதுவும் கொதிநிலையில், சுண்டவைத்திருக்கிறீர்கள். அந்தச் சூட்டில் பிரிந்து வருவது ஏழு நீர்ப் படிகமன்று. குறைந்த நீர் கொண்ட பொடி. சிறிது நீர் விட்டுக் கரைத்து மீண்டும் 48 டிகிரிக்குக் கீழே மெல்லக் குளிரவிட்டால் சரியாகிவிடும்.

பிசுபிசுப்புக்குக் காரணம் பெரும்பாலும் மிஞ்சிய கந்தக அமிலம். நீர் ஆவியாகும்போது அமிலம் ஆவியாவதில்லை. அது செறிவடைந்து படிகங்களின் மேல் ஒட்டிக்கொள்கிறது. வடிதாள் பழுப்பேறினால் ஐயமே வேண்டாம். இன்னும் சிறிது ஆக்சைடு சேர்த்து முதலிலிருந்து வடிகட்ட வேண்டும்.

எதுவுமே படியாமல் தெளிந்த நீராகவே நின்றால், இந்த உப்பு எளிதில் அதிதெவிட்டிய கரைசலாக, அதாவது வழக்கமாகக் கரையக்கூடிய அளவைவிடக் கூடுதலாகக் கரைந்தபடியே, தங்கிவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். கண்ணாடிக் கோலால் கிண்ணத்தின் உட்புறத்தைக் கீறினால், அல்லது ஒரு சிறு விதைப்படிகத்தை இட்டால், சில நிமிடங்களில் படிகங்கள் பரவத் தொடங்கும். அந்தக் காட்சியை மாணவர்களுக்கு ஒருமுறையாவது காட்ட வேண்டும்.

மெக்னீசியம் நாடாவையோ கார்பனேட்டையோ பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். நாடா விலை கூடியது. ஹைட்ரஜன் வெளிவருவதால் அருகில் சுடர் இருக்கக் கூடாது. கார்பனேட் நுரைத்துப் பொங்கும். பெரிய முகவையில் மெதுவாகச் சேர்க்க வேண்டும். கடையில் இலகு மெக்னீசியம் கார்பனேட் என்று கிடைப்பது தூய கார்பனேட் அன்று. ஹைட்ராக்சைடும் நீரும் சேர்ந்த கார உப்பு. எனவே கார்பனேட்டின் மோலார் நிறையான 84.3-ஐ வைத்துக் கணக்கிட்டால் தேவையைவிடக் குறைவாகவே எடுப்பீர்கள், அமிலம் மிஞ்சும்.

தொழிற்சாலைகளில் எதிலிருந்து தயாரிக்கிறார்கள்?

மூன்று வழிகள் முதன்மையானவை. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட் பகுதி போன்ற பழைய கடல் உப்புப் படிவுகளில் கீசெரைட்டாகவே வெட்டியெடுக்கலாம். அது நீரில் மிக மெதுவாகக் கரையும் என்பதால், உடன் இருக்கும் சாதாரண உப்பை முதலில் கழுவி நீக்கிவிட்டு இதைப் பிரிக்க முடிகிறது.

இரண்டாவது வழி மாக்னசைட் என்னும் இயற்கை மெக்னீசியம் கார்பனேட்டைக் கந்தக அமிலத்தில் கரைப்பது. தமிழ்நாட்டில் இதற்குச் சேலம் தெரிந்த இடம். சேர்வராயன் மலைக்கு அடிவாரத்தில் கருமையான பாறைகளுக்கு ஊடே வெள்ளை நரம்புகளாக ஓடும் இந்தக் கனிமத்தை அப்பகுதியினர் வெள்ளைக்கல் என்பார்கள். பெருமளவு வெள்ளைக்கல் சுட்டெரிக்கப்பட்டு உலைகளின் உட்சுவருக்கான தீச்செங்கலாகிறது. உப்பு தயாரிப்பு அதன் சிறு பயன்களில் ஒன்று. சுண்ணாம்புக்கல்லின் மேல் குளிர்ந்த நீர்த்த அமிலத்தைச் சொட்டினால் உடனே நுரைக்கும். மாக்னசைட் கட்டியின் மேல் அதே அமிலம் ஏறக்குறைய அசைவின்றி நிற்கும். ஆகவே கல்லை மாவாக அரைத்து, சூடான அமிலத்தில் இட வேண்டும், அல்லது மிதமாகச் சுட்டு ஆக்சைடாக்கிக்கொள்ள வேண்டும். கல்லில் உள்ள மணற்சத்து கரையாமல் நின்றுவிடும். சுண்ணாம்புச்சத்து பெரும்பகுதி ஜிப்சம் என்னும் கால்சியம் சல்பேட்டாகப் படிந்துவிடும். இரும்புதான் தொல்லை. அதை ஆக்சிஜனேற்றம் செய்து, சிறிது மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்துக் கரைசலை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் பழுப்புச் சேறாக இரும்பு ஹைட்ராக்சைடு பிரியும். அதை வடித்த பிறகே சுண்டவைத்துக் குளிர்விப்பார்கள். மூட்டையில் வரும் உப்பில் மஞ்சள் சாயல் தெரிந்தால் இந்தப் படியில் குறை இருந்திருக்கலாம்.

மூன்றாவது வழி கடல். தூத்துக்குடி, வேதாரண்யம் போன்ற இடங்களின் உப்பளங்களில் சமையல் உப்பு படிந்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பான அடர்நீரில் மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்பேட்டும் பொட்டாசியம் உப்புகளும் புரோமைடும் செறிந்திருக்கும். ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 1.3 கிராம் மெக்னீசியமும் 2.7 கிராம் சல்பேட்டும் உண்டு. ஆனால் அந்த அடர்நீரை வெயிலில் மேலும் வற்றவிட்டால் கலப்பு உப்புகளே கிடைக்கும். எப்சம் உப்பைத் தனியே பிரிக்கக் குளிர்விக்க வேண்டும். வெயில் இலவசமாகக் கிடைக்கும் ஊரில் குளிருக்குச் செலவாகும் என்பதே இந்த வழியின் சிக்கல்.

வாங்கிய உப்பு உண்மையில் மெக்னீசியம் சல்பேட்தானா என்று எப்படி அறிவது?

கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்தால், நீர்த்த அமிலத்திலும் கரையாத வெண்வீழ்படிவு (கரைசலில் கரையாமல் படியும் வெண்பொருள்) சல்பேட்டைக் காட்டும். ஆனால் சோடியம் சல்பேட்டும் அதையே காட்டும். எனவே சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மெக்னீசியம் இருந்தால் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு வெண்மையாகப் படியும். சோடியம் சல்பேட் தெளிவாகவே இருக்கும். பொருளில் என்னென்ன இருக்கின்றன என்று கண்டறியும் பண்பறி பகுப்பாய்வில் அம்மோனியம் குளோரைடு, அம்மோனியா, டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் ஆகியவற்றைச் சேர்த்து மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டாகப் படியவைப்பது உறுதிச் சோதனை.

விவசாயிகள் கவனிக்க வேண்டியது வேறொன்று. துத்தநாக சல்பேட்டும் ஏழு நீர் கொண்டது, அதன் படிகமும் எப்சம் உப்பைப் போன்றே இருக்கும், விலையோ கூடுதல். அதனால் துத்தநாக சல்பேட் என்று மெக்னீசியம் சல்பேட்டைக் கலந்து விற்பது நாடறிந்த மோசடி. கரைசலில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் இரண்டிலும் வெண்வீழ்படிவு வரும். அதன்மேல் செறிந்த சோடியம் ஹைட்ராக்சைடை மிகுதியாகச் சேர்த்துக் கலக்கினால் துத்தநாகத்தின் வீழ்படிவு கரைந்துவிடும். மெக்னீசியத்தின் வீழ்படிவு கரையாது. காஸ்டிக் சோடா என்னும் இந்தச் சோடியம் ஹைட்ராக்சைடு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கரிம வேதியியல் ஆய்வகத்தில் இதைக் கொண்டு ஈரம் நீக்குகிறார்களே, எப்படி?

நீரற்ற பொடி ஏழு நீர் வரை ஏற்க வல்லது, விரைவாகவும் செயல்படும். ஈதர் அல்லது எத்தில் அசிட்டேட் கரைசலில் சிறிது போட்டுச் சுழற்றினால், ஈரம் இருக்கும்வரை பொடி கட்டிகட்டியாக அடியில் ஒட்டும். புதிதாகப் போட்ட பொடி ஒட்டாமல் தனித்தனியே மிதந்து சுழன்றால் ஈரம் போதிய அளவு நீங்கியது. பிறகு வடிகட்டலாம். இதற்கு எப்சம் உப்பைப் பயன்படுத்த முடியாது. அது ஏற்கெனவே நிரம்பியது.

பயிருக்கு எப்போது, எவ்வளவு இட வேண்டும்?

பச்சையத்தின் மூலக்கூறு நடுவே இருப்பது மெக்னீசியம். மண்ணில் அது போதாதபோது செடி பழைய இலைகளிலிருந்து அதை எடுத்து இளந்தளிருக்கு அனுப்பிவிடும். ஆகவே அடி இலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மஞ்சளாவதே முதல் அறிகுறி. பருத்தியில் அது செந்நிறமாகத் தெரியும். தென்னையில் கீழ் மட்டைகள் மஞ்சளாகும். இளந்தளிர் வெளுத்தால் அது மெக்னீசியக் குறையன்று, பெரும்பாலும் இரும்பு. மழையால் அலசப்படும் நீலகிரி போன்ற அமில மண்ணிலும், மணற்பாங்கான நிலத்திலும், பொட்டாஷ் அளவுக்கு மீறி இட்ட தோட்டத்திலும் இந்தக் குறை எளிதில் வரும்.

இலைவழித் தெளிப்புக்கு ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம், அதாவது ஒரு சதவீதம், என்பது வழக்கமான அளவு. குறை தெரியும் தென்னை மரத்துக்கு ஆண்டுக்கு அரை கிலோ என்பது பரவலான பரிந்துரை. இரண்டும் எப்சம் உப்புக்கான அளவுகள். நீரற்ற உப்பு என்றால் பாதி போதும். மண் பரிசோதனை செய்யாமல் ஆண்டுதோறும் இடுவதை நான் ஏற்க மாட்டேன்; மெக்னீசியம் மிகுந்தால் சுண்ணாம்புச்சத்தையும் பொட்டாசியத்தையும் வேர் எடுப்பது தடைபடும்.

செறிந்த கரைசலாக இதைக் கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. ஜிப்சம் படிந்து சொட்டுநீர்க் குழாயின் துளைகளை அடைத்துவிடும். அம்மோனியம் பாஸ்பேட் உரங்களோடு கலந்தாலும் வீழ்படிவு வரும்.

மருத்துவத்தில் இதன் பயன் என்ன? வீட்டில் பேதிக்குக் குடிக்கலாமா?

கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் மிகுந்து வரும் வலிப்பைத் தடுக்கவும் நிறுத்தவும் மெக்னீசியம் சல்பேட் ஊசியே முதன்மை மருந்து. 33 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான மேக்பை ஆய்வு, இந்த மருந்து வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. விலை குறைந்த ஓர் உப்பு இத்தனை தாய்மாரின் உயிரைக் காப்பது வேதியியல் படிக்கும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. மருந்து ஏறும்போது செவிலியர் முழங்கால் தட்டலுக்குக் கால் அசைகிறதா, மூச்சு எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, சிறுநீர் போதுமான அளவு பிரிகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். ரத்தத்தில் மெக்னீசியம் மிகுந்தால் முதலில் முழங்கால் அசைவு மறையும். மேலும் கூடினால் மூச்சு நிற்கும். அதை முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அருகிலேயே தயாராக இருக்கும்.

பழைய நாட்களில் பேதி உப்பு என்று வாங்கிக் குடித்தது இதைத்தான். குடலில் அது நீரைப் பிடித்து வைப்பதால் வயிறு கழியும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், முதியவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது. வெளியேற வேண்டிய மெக்னீசியம் உடலில் தங்கிவிடும். உரக்கடை உப்பை யாருமே உட்கொள்ளக் கூடாது. அதன் மாசுகள் உண்பதற்கான வரம்புக்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அதற்கு இல்லை.

எப்சம் உப்பும் இந்துப்பும் ஒன்றா?

இல்லவே இல்லை. இந்துப்பு பாறையிலிருந்து வெட்டிய சோடியம் குளோரைடு, அதாவது சமையல் உப்பின் வகை. எப்சம் உப்பைச் சமையலில் போட்டால் உணவு கசக்கும், வயிறும் கழியும்.

வெந்நீரில் இதைப் போட்டுக் கால் வைத்தால் வலி தீருமா?

வெந்நீரின் இதம் உண்மையானது. தோல் வழியே கணிசமான மெக்னீசியம் உடலில் சேர்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. புண் உள்ள காலையும், உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளியின் காலையும் வெந்நீரில் வைப்பது ஆபத்து.

எப்படிச் சேமிக்க வேண்டும்? கட்டிதட்டிய உப்பை எறிந்துவிடலாமா?

எப்சம் உப்பு மெக்னீசியம் குளோரைடைப் போல ஈரம் உறிஞ்சித் தானே கரைந்து ஓடாது. ஆனால் வெயில் படும் இடத்தில் நீரை இழந்து, மழைக்காலத்தில் அந்த நீரைத் திரும்ப ஏற்று, இந்த ஏற்ற இறக்கத்தில் கட்டிதட்டிவிடும். கட்டியை உடைத்து உரமாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆய்வகத்தில் எடைபோட்டுக் கரைசல் செய்ய அது உதவாது, ஏனெனில் அதில் எத்தனை நீர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. நீரில் கரைத்து மீண்டும் படிகமாக்க வேண்டும். இறுக மூடிய கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் புட்டியில், 30 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் வைப்பது நல்லது. நீரற்ற பொடிக்கு இன்னும் கவனம் வேண்டும்: மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றுக்கொண்டு அதன் உலர்த்தும் திறன் குறைந்துவிடும். அப்படி ஆன பொடியைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, 250 டிகிரி அளவில் அடுப்பில் சில மணி நேரம் வைத்து, சூடு ஆறுவதற்குள் புட்டியில் அடைத்தால் மீண்டும் பயன்படும்.